கைதட்டல் வள்ளல்

கைதட்டல் வள்ளல் என்று ஓர் இனம் உண்டு. அழிந்துகொண்டிருக்கும் இனமோ என்று யாரும் கவலைப்பட வேண்டாம். நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமுமாகப் பெருகிக்கொண்டிருக்கிறது.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது? சுலபம். கையால் தொட்டுப் பார்க்க முடிகிற எதற்கும் வள்ளல் காசு கொடுப்பார். செருப்புக்குக் கொடுப்பார், செருப்பைத் தைத்ததற்குக் கொடுப்பார், செருப்பைக் கழற்றி வைத்த இடத்தில் காவலுக்கு நின்றவருக்கும் கேட்காமலே கொடுப்பார். ஆனால் காதுக்குள் நுழைகிற பாட்டுக்கோ, கண்ணாடித் திரைக்குப் பின்னால் ஓடுகிற மென்பொருளுக்கோ காசு என்று யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே! "பாட்டுக்கா? காசா? காத்துல வர்றதுதானே!" என்பார். "சாஃப்ட்வேருக்கா? காப்பி பண்ணிக் குடுத்தா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?" என்பார். காசுக்குப் பதிலாக அவர் கொடுப்பது கைதட்டல். அதில் மட்டும் குறை வைக்க மாட்டார். "பிச்சு உதறிட்டீங்க" என்பார், "மெய்சிலிர்த்துப் போச்சு" என்பார், "கண்ணு கலங்கிடுச்சு" என்று சொல்லிக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவும் செய்வார். துடைத்து மாட்டிக்கொண்ட பிறகு மெதுவாக வரும் அடுத்த வார்த்தை: "அதுல ஒரு காப்பி அனுப்பி வைங்களேன்."

வள்ளல் கஞ்சர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் மனம் புண்படுவது எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

எனக்கு நெருக்கமாகத் தெரிந்த வள்ளல் ஒருவரின் கதையைக் கேளுங்கள். அவர் நானில்லை. முன்வழுக்கை, மூக்குக்கண்ணாடி, வீட்டில் உட்கார்ந்து மென்பொருள் எழுதும் தொழில், இந்த மூன்றும் எங்கள் இருவருக்கும் பொது என்பதை வைத்து அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வராதீர்கள். அப்படிப் பார்த்தால் ஊரில் பாதிப் பேர் நான்தான்.

நம் வள்ளல் மூன்றாவது மாடியில் குடியிருந்தார். இஸ்திரி போடும் மேசைக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவில் அவருடைய அலுவலகம். அங்கே காலையில் கணினியைத் திறந்ததும் வரிசையாக நான்கு பெட்டிகள் எழுந்து வரும். "உங்கள் சோதனைக் காலம் முடிந்து 1,412 நாட்கள் ஆகின்றன" என்று ஒன்று சொல்லும். "இது உரிமம் இல்லாத பிரதி" என்று இன்னொன்று சொல்லும். மற்ற இரண்டும் கெஞ்சும். வள்ளல் பதற்றமே இல்லாமல், முகத்தில் வந்து உட்கார்ந்த ஈயை ஓட்டுகிறவர்போல, நான்கையும் "பிறகு" "பிறகு" "பிறகு" "பிறகு" என்று தட்டிவிட்டு, காதில் காசு கொடுக்காத பாட்டை மாட்டிக்கொண்டு, தன்னுடைய மென்பொருளை யாரும் காசு கொடுக்காமல் பயன்படுத்திவிடாதபடி பூட்டுப் போடும் வேலையில் இறங்குவார்.

சிரிக்கிறீர்களா? அவருக்கு இதில் சிரிப்பதற்கு ஒன்றுமே தெரியவில்லை. தன் மென்பொருளை யாரோ நகல் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அன்றைக்குச் சாப்பாட்டு மேசை மேடையாகிவிடும். "உழைப்புத் திருட்டு! உழைச்சவன் வயித்துல அடிக்கிறாங்க!" என்று கரண்டியை உயர்த்திப் பேசுவார். அந்தப் பேச்சில் தவறாமல் வரும் ஒரு பகுதி அவருடைய முதல் மென்பொருளின் கதை. பிறந்தநாட்களை நினைவூட்டும் மென்பொருள் அது. அதில் ஒரு சின்னக் கோளாறு, எல்லாவற்றையும் ஒருநாள் தாமதமாகத்தான் நினைவூட்டும். ஓசியில் எடுத்துக்கொண்ட நானூறு பேரும் அவரைக் கிழி கிழி என்று கிழித்துக் கடிதம் எழுதினார்கள். காசு கொடுத்து வாங்கியவர் ஒரே ஒருவர். விண்ணப்பத்தில் பெயர் போட வேண்டிய இடத்தில் "நலம்விரும்பி" என்று மட்டும் எழுதியிருந்தார். அவர் மட்டும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

"அந்த ஒருத்தர் மட்டும் இல்லன்னா நான் அன்னிக்கே இந்தத் தொழில விட்டிருப்பேன்" என்று சொல்லும்போது வள்ளலின் குரல் நிஜமாகவே தழுதழுக்கும். "யாருன்னு தெரிஞ்சா கால்ல விழுவேன்."

"மொதல்ல கரண்டிய கீழ வைங்க, குழம்பு சொட்டுது" என்பாள் மனைவி.

மனைவிக்கு ஒரு தம்பி. இசையமைப்பவன். வள்ளலைவிடப் பத்து வயது இளையவன், பத்து மடங்கு சாது. ஒரு தையல் கடைக்கு மேலே ஒற்றை அறை. கீழே ஓடும் மெஷின் சத்தம் பாட்டில் ஏறாமல் இருக்க ஜன்னலில் போர்வையை ஆணியடித்து, தவணையில் வாங்கிய ஒரு கீபோர்டை வைத்துக்கொண்டு, கடை விளம்பரங்களுக்கும் பள்ளி விழாக்களுக்கும் மெட்டுப் போட்டுக் காலம் தள்ளிக்கொண்டிருந்தான். அவனிடம் வந்தவர்கள் எல்லாரும் வள்ளல்கள். மாதிரி கேட்பார்கள், அனுப்புவான், அப்புறம் ஆளைக் காணோம். ஆறு மாதம் கழித்து ஏதோ ஒரு பாத்திரக் கடை வாசலில் அவனுடைய மெட்டு அவனைப் பார்த்து ஊதிக்கொண்டிருக்கும். பட்டுப் பட்டுக் கடைசியில் அவனும் ஒரு தந்திரம் கற்றான். மாதிரியாக அனுப்பும் பாட்டில் இருபது விநாடிக்கு ஒருமுறை தன் குரலையே சேர்த்துவிடுவான். "இது மாதிரிதாங்க. காசு குடுத்தா நான் பேச மாட்டேன்." சொல்வதைக்கூட மரியாதையாக, சுருதி பிசகாமல்தான் சொல்வான்.

இப்படி இருக்கையில் நம் வள்ளலுக்கு ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. ஐந்து இடங்களில் மருத்துவமனை வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர், நோயாளிகளை டோக்கன் எண் சொல்லிக் கூப்பிடும் மென்பொருள் வேண்டும் என்றார். காத்திருக்கும் நேரத்தில் பல்வலி மறக்கிற மாதிரி இதமான இசையும் பின்னால் ஓட வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒரு மருத்துவமனையில் ஓட்டிப் பார்ப்பது, நன்றாக இருந்தால் ஐந்துக்கும் வாங்கிக்கொள்வது என்று பேச்சு.

வள்ளல் உடனே மைத்துனனுக்குப் போன் போட்டார். மறுநாளே பாட்டு வந்தது. நல்ல பாட்டு. கேட்டால் பல்லைக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். நடு நடுவே அந்தக் குரலும் வந்தது.

"மாப்ள, பிரமாதம்! மெய்சிலிர்த்துப் போச்சு" என்றார் வள்ளல். "அந்தக் குரல் இல்லாம ஒரு காப்பி அனுப்பேன்."

மைத்துனன் தயங்கித் தயங்கி ஒரு தொகை சொன்னான். மூன்று பேர் ஒருநாள் வெளியே போய் வயிறாரச் சாப்பிட்டால் ஆகிற காசு. அவ்வளவுதான்.

"என்ன மாப்ள, குடும்பத்துக்குள்ள போய்க் காசு அது இதுன்னு... நீ ஏற்கெனவே போட்டு முடிச்ச பாட்டு. இனிமே காப்பிதானே? உனக்கு என்ன செலவு?"

அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. "சரிங்க அத்தான், பாக்கறேன்" என்று வைத்துவிட்டான்.

அன்று மாலை மனைவி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவர் எதிரே வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்தால் விஷயம் பெரிது.

"ஏங்க, ஒண்ணு சொல்றேன் கேளுங்க. அவன் உங்ககிட்ட சொல்ல மாட்டான். இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கப் போறானாம். ஒரே ஒரு பாட்டாவது காசுக்குப் போகலன்னா கீபோர்ட வித்துட்டு, சாமான் கிடங்குல பெட்டி எண்ணுற வேலைக்குப் போறேங்கறான். ஒருத்தராவது குடுத்தா இருப்பேன்க்காங்கறான். அந்த ஒருத்தர் நீங்களா இருங்களேன்."

"அவனுக்கு நான் அதவிடப் பெருசா பண்ணப் போறேன். அஞ்சு ஆஸ்பத்திரியில அவன் பாட்டு ஓடும்! ஒரு நாளைக்கு எத்தன காது கேக்கும், யோசிச்சுப் பாரு!"

"காத வெச்சு அவன் வாடக கட்டுவானா?"

வள்ளலுக்குக் கோபம் வந்தது. கலையைக் காசால் அளப்பது எவ்வளவு கேவலம் என்று கால் மணி நேரம் பேசினார். மனைவி மறுபடி இஸ்திரி போடப் போய்விட்டாள். அவர் சட்டைக் காலர் அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகவே அழுந்தியது.

அப்புறம் வள்ளல் என்ன செய்தார்? இங்கேதான் நீங்கள் அவருடைய மூளையை மெச்ச வேண்டும். குரலை வெட்டி எடுக்கப் பார்த்தார், பாட்டும் சேர்ந்து கிழிந்தது. பிறகு ஒரு யோசனை பளிச்சிட்டது. பாட்டில் குரல் எந்தெந்த விநாடியில் வருகிறதோ, அந்தந்த விநாடியில் மென்பொருள் சரியாக உள்ளே புகுந்து டோக்கன் எண்ணை உரக்கச் சொன்னால்? மாதிரிக் குரல் அமுங்கிப் போகும், யார் காதிலும் விழாது! கூப்பிட ஆள் இல்லாவிட்டால் கடைசியாகக் கூப்பிட்ட எண்ணையே திரும்பச் சொன்னால் போகிறது. பதினோரு நாள் உட்கார்ந்து, முதுகு பிடித்து, மருந்து தடவிக்கொண்டு, விநாடிக்கு விநாடி பொருத்தி எழுதி முடித்தார். ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசை மிச்சம் பிடிக்கப் பதினோரு நாள் உழைப்பு! கஞ்சர் இப்படிச் செய்வாரா? கஞ்சருக்குக் கணக்குத் தெரியும்.

நடுவில் ஒருநாள் பல் டாக்டரிடம் விலை பேசப் போனார். டாக்டர் சிரித்த முகம். "சார், பிரமாதமா இருக்கு சார், அசந்துட்டேன்" என்றார். "ஆனா அஞ்சு எடத்துக்கும் தனித்தனியா காசுன்னா எப்படி? ஒரு தடவ எழுதிட்டீங்க. மிச்ச நாலும் காப்பிதானே? உங்களுக்கு என்ன செலவு?"

எங்கேயோ கேட்ட வாக்கியம் மாதிரி இருக்கிறதா? உங்களுக்கு இருக்கிறது. வள்ளலுக்கு இல்லை. வழி நெடுக "என்ன மனுஷன்! என்ன மனுஷன்!" என்று பொருமிக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை விடிந்தது. மருத்துவமனைக் கூடத்தில் முப்பது நாற்காலிகள், முப்பது வீங்கிய கன்னங்கள். இசை தவழ்ந்தது. "டோக்கன் எண் ஒன்று" என்றது மென்பொருள், கணீரென்று. ஒன்றாம் எண் எழுந்து உள்ளே போனார். வள்ளல் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பன்போல நின்றார்.

இருபது விநாடி ஆயிற்று. "டோக்கன் எண் ஒன்று." வாயில் பஞ்சோடு சாய்ந்திருந்த ஒன்றாம் எண் உள்ளேயிருந்து "ங்ஆ" என்றார். இன்னும் இருபது விநாடி. "டோக்கன் எண் ஒன்று." பாவம், ஒழுங்கான மனிதர், எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ, கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து கூடத்துக்கு வந்து நின்றார். டாக்டர் கையில் ஊசியோடு பின்னால் வந்தார். உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால், "டோக்கன் எண் ஒன்று." மூன்றாம் முறை அவர் எழுந்தபோது டாக்டரின் சிரித்த முகம் போய்விட்டது.

"யாரும்மா அது! அந்தக் குரல மொதல்ல நிறுத்து!"

வரவேற்பில் இருந்த பெண் பாய்ந்து டோக்கன் குரலை அணைத்தாள். வள்ளல் "வேண்டாம்மா!" என்று கத்துவதற்குள் அணைத்தே விட்டாள். கூடம் அமைதியாயிற்று. இசை மட்டும் தவழ்ந்தது. பிறகு அந்த அமைதியில், முப்பது பேர் காதிலும் விழும்படி, மரியாதையான ஒரு குரல் சொன்னது:

"இது மாதிரிதாங்க. காசு குடுத்தா நான் பேச மாட்டேன்."

"யாருங்க அது காசு கேக்கறது? இப்பத்தானே கட்டிட்டு வந்தேன்!" என்றார் பன்னிரண்டாம் எண். "என்னது, மாதிரி டாக்டரா?" என்று ஓர் அம்மாள் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். இருபது விநாடி கழித்துக் குரல் மறுபடி அதையே சொன்னது. அதற்குள் நாற்காலிகள் பாதி காலி.

"யாரு சார் அந்த ஆளு?" என்றார் டாக்டர்.

"என் மச்சான்" என்றார் வள்ளல். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"அவருக்குக் காசு குடுக்கலியா?"

"குடும்பத்துக்குள்ள..." என்று தொடங்கி, நிறுத்திக்கொண்டார்.

டாக்டரும் கடைசியில் வள்ளல்தானே. வெறுங்கையோடு அனுப்புவாரா? "இதெல்லாம் கழட்டி எடுத்துட்டுப் போயிருங்க சார். ஆனா உழைச்சிருக்கீங்க, அத ஒத்துக்கறேன். வாங்க, உக்காருங்க, பல்லு க்ளீன் பண்ணி விடறேன். காசெல்லாம் வேணாம்." வள்ளல் உட்கார்ந்தார். வாயை அகலத் திறந்து படுத்திருந்தபோது அவருக்கு முதன்முறையாக வெட்கம் வந்தது. வெட்கம் என்றால் சும்மா இல்லை, காது மடல் வரை சுட்டது. மைத்துனனுக்கு இன்றைக்கே காசு கொடுத்துவிட வேண்டும், கேட்டதற்கு இரண்டு மடங்கு கொடுக்க வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

வெளியே வந்து பணத்தை எடுத்துச் சட்டைப் பையில் வைத்தார். நேரே போகத்தான் கிளம்பினார். ஆனால் வெயிலாக இருந்தது; முதுகு வேறு வலித்தது; ஒரு ராத்திரியில் என்ன ஓடிவிடப் போகிறது, நாளைக்கு ஞாயிறு, நிதானமாகப் போய்க்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தையல் கடை மூடியிருந்தது. மாடியில் கதவு திறந்திருந்தது. ஜன்னலில் போர்வை இல்லை. அறைக்குள் வெளிச்சத்தில் கண் கூசியது. கீபோர்டு இருந்த இடத்தில் பெருக்கல் குறி மாதிரி இரும்புக் கால்கள் மட்டும் நின்றன.

"வாங்கத்தான்" என்றான் மைத்துனன். "நேத்து சாயங்காலம்தான் வந்து எடுத்துட்டுப் போனாங்க. கால் வேணாம்னுட்டாங்க. உக்காருங்க, டீ போடறேன்."

வள்ளல் உட்கார்ந்தார். எதிரே பழைய கணினி ஓடிக்கொண்டிருந்தது. டிங் என்று திரையில் ஒரு பெட்டி எழுந்தது. அசிங்கமான ஊதா நிறம், கோணலான எழுத்து. பத்து வருஷத்துக்கு முன்னால் தானே தேர்ந்தெடுத்த நிறம் என்பது வள்ளலுக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. "இன்று அக்கா பிறந்தநாள்" என்றது பெட்டி. பிறந்தநாள் நினைவூட்டும் மென்பொருளை எழுதியவருக்கு மனைவியின் பிறந்தநாள் மறந்தே போயிருந்தது. அவருடைய கணினி அதை நாளைக்குச் சொல்லும்.

"மாப்ள, இது எப்படிச் சரியா இன்னிக்கே சொல்லுது?"

"அது ஒருநாள் லேட்டாத்தானே சொல்லும்? அதான் எல்லாத் தேதியையும் ஒருநாள் முன்னாடி போட்டு வெச்சிருக்கேன்" என்றான் அடுப்பங்கரையிலிருந்து. "அதுக்குப் போய் உங்களத் தொந்தரவு பண்ணுவானேன்னு விட்டுட்டேன்."

பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. உரிமம் எண் 1. நலம்விரும்பி.

கால்ல விழுவேன் என்று கரண்டியை உயர்த்திச் சொன்னவர், விழவில்லை. நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே அவரால் முடியவில்லை. கண் நிஜமாகவே கலங்கியது; கண்ணாடியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை. டீ வந்ததும் தட்டுத் தடுமாறிச் சட்டைப் பையில் கையை விட்டுப் பணத்தை எடுத்தார்.

"மாப்ள, அந்தப் பாட்டுக்கு..."

"அட, அதுக்கு இனிமே எதுக்கு அத்தான் காசு? கீபோர்டே போயிடுச்சு. நாளையிலேர்ந்து கிடங்குக்குப் போறேன்." கோபமே இல்லாமல் சொன்னான். கோபப்பட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். "இருங்க, நான் பேசாத காப்பியே ஏத்தித் தர்றேன். எடுத்துட்டுப் போங்க."

இப்போது நான் சொல்லப் போவதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். அல்லது, உடனே நம்பிவிடுவீர்கள். அந்த நிமிஷத்தில், அவ்வளவு வெட்கத்துக்கும் அவ்வளவு கண்ணீருக்கும் அடியில், வள்ளலின் நெஞ்சுக்குள் ஒரு மூலையில் ஒரு சின்ன சந்தோஷம் துள்ளியது. ஓசி! பணத்தைப் பிடித்திருந்த கை, யாரும் சொல்லாமலே, தானாகவே, சட்டைப் பைக்குத் திரும்பிப் போயிற்று. வற்புறுத்திக் கொடுத்திருக்கலாமே? கொடுத்திருக்கலாம். மேசை மேல் வைத்துவிட்டு வந்திருக்கலாமே? வந்திருக்கலாம். அவர் என்ன செய்தார் தெரியுமா? மைத்துனன் தோளில் தட்டி, "பிரமாதமான பாட்டு மாப்ள" என்றார். பளபளவென்று புதிதாகத் துலக்கிய பற்களோடு.

இந்த விவரமெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். அவர் நானில்லை என்றுதான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. பணம் இன்னும் அந்தச் சட்டைப் பையிலேயேதான் இருக்கிறது. இப்போதுகூடத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். நாளைக்குக் கட்டாயம் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவேன். கொடுத்துவிடுவார்.

நீங்கள் இதைப் படித்து முடித்துவிட்டீர்கள். உங்கள் கைக்கு இது எப்படி வந்தது, காசு கொடுத்து வாங்கினீர்களா, யாராவது ஒரு காப்பி அனுப்பி வைத்தார்களா என்றெல்லாம் நான் கேட்கப் போவதில்லை. அவ்வளவு நாகரிகம் தெரியாதவனா நான்? ஒன்றே ஒன்றுதான். பிரமாதம் என்று சொல்ல வாயெடுத்தீர்களே, கையும் லேசாக உயர்ந்ததே, அதை மட்டும் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்.